விபத்தில்லாப் பள்ளம்

குழியாரின் நான்கு இரும்புத் தகடுகளும் மண்ணுக்குள் நின்ற காலம் வரையில் வாரியத்துக்கு அவற்றின்மீது எந்த மரியாதையும் இருந்ததில்லை. வெளியே எடுத்துத் துடைத்து, மஞ்சள் பூசி, குளிரூட்டிய அரங்கில் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்திய பிறகுதான் அவை பாதுகாப்புச் சாதனங்கள் ஆயின. இது எப்படி நடந்தது என்பதை வரிசைப்படி சொன்னால்தான் விளங்கும்.

குழியார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. சாக்கடைக் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி என்று தெருவுக்கு அடியில் போகவேண்டியதையெல்லாம் பள்ளம் வெட்டிப் புதைத்துக் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரர் அவர். பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி வீட்டார்கூட, "குழியார் வீடு எது?" என்று கேட்டுத்தான் வந்தார்கள். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு சாக்கடைக் குழாய் வேலை. பள்ளம் இரண்டு ஆள் ஆழம். அந்தத் தெருவின் மண் நல்ல மண்ணில்லை. எந்தக் காலத்திலோ குட்டையாகக் கிடந்த இடத்தை இடிந்த வீட்டுக் கல்லும் குப்பையும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். காலையில் சுவர் மாதிரி நிற்கும். மத்தியானம் நனைந்த ரொட்டி மாதிரி விண்டு விழும். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு நிறுத்தி, நடுவே திருகு ஜாக்கிகளைக் குறுக்காகக் கொடுத்து இறுக்கினால்தான் உள்ளே ஆளை இறக்கலாம்.

இறங்குகிற ஆள் அவருடைய மனைவியின் தம்பி. பெயருக்கு ஏற்ற உடம்பு. ஒல்லி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அவனைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. தினமும் காலையில் குழியாரின் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

"எந்தம்பிய முழுசா கூட்டிட்டு வாங்க. மண்ணத் தட்டிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்."

குழியாரின் தொழில் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. வாரியத்தின் தொழில் இதில் அடங்கவில்லை.

நிலத்தடிப் பணி ஒப்பந்தக்காரர் பாதுகாப்பு மற்றும் காப்பீட்டு ஒருங்கிணைப்பு வாரியம் என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகைக்கு மட்டும் தனியாக ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். வாரியம் சான்றிதழ் கொடுத்தால்தான் காப்பீடு. காப்பீடு இருந்தால்தான் நகர அலுவலகம் தெருவை வெட்ட அனுமதிக்கும். இதில் ஒன்று போனால் குழியாரும் அவரை நம்பியிருக்கும் எட்டுக் குடும்பமும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சான்றிதழைப் புதுப்பிக்க மதிப்பீட்டாளர் வந்தார். பள்ளத்துக்குப் பத்தடி தூரத்தில் காரை நிறுத்தி, இறங்கி, அங்கேயே நின்றுகொண்டார்.

"கிட்ட வாங்க சார், தகடு எப்படி நிக்குதுன்னு காட்டறேன்" என்றார் குழியார்.

"வரக்கூடாதுங்க. பள்ளத்த எட்டிப் பாக்கறதுக்கு எங்களுக்குக் காப்பீடு கிடையாது."

"நீங்கதானே சார் காப்பீடு குடுக்கறீங்க?"

"உங்களுக்குக் குடுக்கறோம். எங்களுக்கு யாரு குடுக்கறா?"

இந்தக் கேள்வியில் ஒரு நியாயமான சோகம் இருந்ததால் குழியார் தகட்டைக் காட்டும் எண்ணத்தை விட்டுவிட்டார். மதிப்பீட்டாளர் கைபேசியை ஒரு நீளக் கம்பில் மாட்டி, கம்பைப் பள்ளத்தின் மேல் நீட்டிப் படம் எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"உள்ள என்ன அது, இரும்பா?"

"தகடு சார். மண்ணு சரியாம இருக்க."

"அப்ப மண்ணு சரியும்னு ஒத்துக்கறீங்க."

"சரியும்ல சார். அதுக்குத்தானே தகடு."

மதிப்பீட்டாளர் குறித்துக்கொண்டார். குழியாரின் பள்ளம் முதல் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு இறக்கப்பட்டது. அதாவது ஒப்பந்தக்காரரே ஆபத்தை ஒப்புக்கொண்ட பள்ளம். அதே தெருவின் மறுகோடியில் இன்னொருவர் தகடும் இல்லாமல் ஜாக்கியும் இல்லாமல் வெறும் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் முதல் நிலையில் இருந்தார்.

"அங்க தகடே இல்லியே சார்?"

"அதான் சொல்றேன். அவரு சரிவ எதிர்பாக்கல."

நான்காம் நிலைக்கு இறங்கியவர்கள் மேலே ஏறிவர வழி உண்டு. தகடு மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். அதில் 'முதலில் பாதுகாப்பு' என்று ஓரடி எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். குழியார் வேலையை நிறுத்தினார். தகடுகளை மேலே ஏற்றி, துருவைச் சுரண்டி, மஞ்சள் பூசினார். பெயர்ப்பலகை எழுதுகிறவரை வரவழைத்து எழுத்தும் எழுதினார். காய்ந்ததும் மறுபடி இறக்கினார். மதிப்பீட்டாளர் மறுபடி வந்து கம்பை நீட்டினார்.

"எழுத்து தெரியலியே."

"எழுத்து மண்ணுப் பக்கம் இருக்குது சார்."

"மண்ணுக்கா படிக்கத் தெரியும்? திருப்பி வைங்க."

திருப்பி வைத்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது மஞ்சளில் கீறல் விழுந்திருந்தது. பாதுகாப்புச் சாதனம் சேதமடைந்திருப்பதாக மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார். சேதம் மண் உரசியதால் என்று குழியார் விளக்கினார். மண் உரசாத இடத்தில் தகட்டை வைக்க முடியாதா என்று மதிப்பீட்டாளர் கேட்டார். முடியும், வீட்டில் வைக்கலாம் என்று பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது ஒல்லியின் குரல்.

"யாரு பேசுனது?" என்றார் மதிப்பீட்டாளர்.

"எம்மச்சினன் சார். சின்னப்பய, விட்டுடுங்க."

அவர் விடவில்லை. அந்த யோசனையை மேலிடத்துக்குக் கொண்டுபோனார்.

நிற்க. இதற்குள் பாதுகாப்பு வாரம் நெருங்கிவிட்டது. ஆண்டில் ஒரு வாரம் வாரியம் பாதுகாப்பைக் கொண்டாடும். மற்ற வாரங்களில் அதற்கான ஏற்பாட்டில் இருக்கும். அரங்கத்தில் கண்காட்சி, பரிசு, சிறப்பு விருந்தினர். மஞ்சள் தகடுகளின் படத்தை இயக்குநர் பார்த்துவிட்டு, கண்காட்சியின் நடுவே இவைதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். குழியாரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இயக்குநரின் அறை வாசலில் ஒரு மின்பலகை இருந்தது. 'சம்பவமில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே ஒரு பெரிய எண். இயக்குநர் அறைக்குள் போகும்போதும் வரும்போதும் அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"ஒரு வாரம்தான். தகடு நாலும் வேணும்" என்றார் இயக்குநர்.

"ஐயா, இப்ப ஆழமான எடத்துல இருக்கோம். தகட்ட எடுத்தா ஆள இறக்க முடியாது. ஒரு வாரம் வேலைய நிறுத்திக்கறேன்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நிறுத்தறதா? வேலை நின்னா அது தடங்கல். தடங்கல்னா சம்பவம். சம்பவம்னா வெளிய பலகையில பூஜ்யம். பாதுகாப்பு வாரத்துல பூஜ்யத்த வெச்சிக்கிட்டு விருந்தினர எப்படிங்க வரவேப்பேன்?"

"அப்ப தகடு இல்லாம ஆள இறக்கச் சொல்றீங்களா?"

"ஆபத்தான வேலை எதுவும் செய்யச் சொல்ல மாட்டேன். அது எங்க கொள்கைக்கு விரோதம். சும்மா எறங்கி நிக்கட்டும். வேலை செய்யாம நின்னா என்ன ஆபத்து?"

"மண்ணு, வேலை செய்றானா சும்மா நிக்கறானான்னு பாத்து விழாதுங்களே."

"நீங்க எப்பவும் மண்ணோட கோணத்துலேர்ந்தே பேசறீங்க" என்றார் இயக்குநர், மனம் நொந்து. பிறகு எஞ்சியதையும் சொன்னார். பள்ளத்தின் மேல் ஒரு கேமரா பொருத்தப்படும். அரங்கத்தின் பெரிய திரையில் 'விபத்தில்லாப் பள்ளம்' என்ற தலைப்பில் விழா நேரம் முழுக்க நேரடியாகத் தெரியும். தலைக்கவசம் அணிந்த நான்கு பேர் உள்ளே இருக்க வேண்டும். தகடும் ஆளும் வந்தால் மேடையிலேயே சான்றிதழ். வராவிட்டால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.

குழியார் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சான்றிதழ சட்டம் போட்டு மாட்டிக்கலாம். எந்தம்பியையும் பக்கத்துல மாட்டறதா உத்தேசமா?"

"நான் இறக்குவேன்னு சொன்னேனா?"

"சொல்லல. சோத்தப் பிசையறீங்களே, அதப் பாத்தா சொல்லிடுவீங்க போல இருக்கு."

வாசற்படியில் உட்கார்ந்து கை துடைத்துக்கொண்டிருந்த ஒல்லி சிரித்தான். "மாமா, அவங்க கேமராவ மேலதானே மாட்டறாங்க? மேலேர்ந்து பாத்தா மனுசன் தெரியறானா, தொப்பி தெரியுதா?"

விழா நாளன்று காலையில் தகடுகள் இரண்டு தெரு தள்ளியிருந்த அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை எடுக்கும் முன்பே பள்ளத்துக்குள் நான்கு மண்வெட்டிகளைக் காம்பு மேலே இருக்கும்படி நட்டு, ஒவ்வொன்றின்மேலும் ஒரு தலைக்கவசத்தைக் கவிழ்த்திருந்தார்கள். கழுத்துக்கு ஒரு பழைய சட்டை. ஆட்கள் எதிர்ச்சாரியில் மூடிக் கிடந்த கடையின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"யாரும் பள்ளத்துக்கிட்டகூடப் போகக் கூடாது. மாப்ள, உனக்குத்தான் முக்கியமா சொல்றேன்" என்றார் குழியார்.

"குழாய் மூட்டுக்குப் போடற ரப்பர் வளையம் கீழயே கெடக்குது மாமா. வெயில்ல காஞ்சா வெடிச்சிடும். டக்குனு எறங்கி எடுத்துட்டு ஏறிடறேன்."

"வெடிச்சா வெடிக்கட்டும்டா."

"சரி சரி, போங்க. பொன்னாடை போத்துவாங்க, வேணாம்னு சொல்லிடாதீங்க, அக்காவுக்கு மெத்தை ஒறை தைக்கலாம்."

அவன் சரி சரி என்று சொன்ன விதம் குழியாருக்குப் பிடிக்கவில்லை. போகிற வழியெல்லாம் அது காதுக்குள் இருந்தது.

அரங்க வாசலில் கைபேசிகளை வாங்கி ஒரு தட்டில் போட்டார்கள். கவனம் சிதறுவதுதான் விபத்துக்கு முதல் காரணமாம். உள்ளே நடுநாயகமாக நான்கு தகடுகளும் பூமாலையோடு நின்றன. ஜாக்கிகளுக்குக் குஞ்சம் கட்டியிருந்தார்கள். முதல் பரிசு அட்டை ஏற்கெனவே தொங்கியது. தீ விபத்தின்போது வெளியேறும் பக்கக் கதவுக்கு முன்னால் தீ விபத்துப் பற்றிய ஓவியப் பலகைகளை அடுக்கியிருந்ததால் அந்தக் கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. மேடையின் பின்னால் திரை. திரையில் பள்ளம். பள்ளத்தில் நான்கு மஞ்சள் தொப்பிகள்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"பாதுகாப்பு என்பது பள்ளத்தில் இல்லை, நண்பர்களே. அது மனத்தில் இருக்கிறது. இந்த வாரியம் தொடங்கிய நாள்முதல் எங்கள் அலுவலர் ஒருவர்கூடப் பள்ளத்தில் விழுந்ததில்லை. காரணம் என்ன? ஒருவர்கூடப் பள்ளத்தைப் பார்த்ததில்லை. ஆபத்தைத் தவிர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா? அதோ, திரையைப் பாருங்கள். நம் தொழிலாளத் தோழர்கள். எவ்வளவு நேரமாகிறது, ஒருவராவது அசைந்தாரா? பேச்சில்லை, சிரிப்பில்லை, ஓய்வு கேட்கவில்லை. இந்த ஒழுங்கைக் கொண்டுவர வாரியம் எவ்வளவு பாடுபட்டிருக்கிறது தெரியுமா?"

கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல பயிற்சி" என்றார்.

திரையின் ஓரமாக ஒரு தண்ணீர் லாரி போனது தெரிந்தது. அதன் பின்னால் சின்னக் கற்கள் நாலைந்து உருண்டு பள்ளத்துக்குள் விழுந்தன. குழியார் எழுந்து நின்றுவிட்டார். பள்ளத்தின் ஒரு பக்கம் முழுவதும், யாரோ உள்ளிருந்து கதவைத் தள்ளியது போல, மெதுவாகச் சாய்ந்தது. தூசி எழும்பியது. தூசி அடங்கியபோது பள்ளமும் இல்லை, தொப்பிகளும் இல்லை. மேடும் தாழ்வுமாக மண் மட்டும் இருந்தது.

அரங்கத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை நெருங்கினார். "சிக்னல் கோளாறு. கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்."

திரை அணைந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஒழுங்கைப் பற்றி இன்னும் இரண்டு கருத்துகள் மிச்சம் இருந்தன.

முதல் கருத்து முடியும் வரை குழியார் காத்திருந்தார். யாராவது ஒருவர் கேட்பார் என்று நினைத்தார். நாற்காலிகளைத் தாண்டித் தாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மதிப்பீட்டாளர் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் இல்லை என்பது குழியாருக்குத் தெரியும். அரங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததும்கூட அரைகுறைதான்: ரப்பர் வளையம் என்ற நினைப்பு வந்ததும் வாசலுக்கு ஓடினார்.

"என் போன் வேணும்" என்றார் வாசலில் இருந்தவரிடம்.

"நிகழ்ச்சி முடிஞ்சதும் சார்."

"பள்ளம் சரிஞ்சிடுச்சுய்யா. எம்மச்சினன் அங்க இருக்கான்."

"இயக்குநர் பேசும்போது கதவு தெறக்கக் கூடாது சார். கவனம் செதறும்."

பக்கக் கதவுக்கு ஓடினார். ஓவியப் பலகைகளை விலக்கப் போனவரை இரண்டு அலுவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். பரிசுக்குரிய ஓவியங்கள், கைபடக் கூடாது. அப்போது தேநீர்த் தட்டோடு வந்த பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பள்ளத்துல நாலு பேரு நின்னாங்களே, அவங்க என்ன ஆனாங்க?"

அந்த அரங்கத்தில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். "வெளிய போகணும்மா" என்றார் குழியார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இப்படி வாங்க, தேத்தண்ணி கொண்டார கதவு ஒண்ணு இருக்கு" என்று அழைத்துப் போனாள்.

அந்தக் கதவை அவள் திறப்பதற்குள் அது வெளியிலிருந்து திறந்தது. தலையிலிருந்து கால்வரை மண்ணாக ஒல்லி நின்றான். பின்னால் மற்ற ஆட்கள் எல்லோரும்.

"எத்தன தடவ போன் அடிக்கறது மாமா? சரிஞ்சிடுச்சு. பக்கத்து வீட்டு மதில்ல விரிசல் ஓடுது, வீட்டுக்காரங்கள வெளிய வரச் சொல்லிட்டோம். மிச்சப் பள்ளத்துக்கு இப்பவே தகடு நிறுத்தலேன்னா மதிலும் போயிடும்."

குழியார் அவன் தோளைப் பிடித்தார். கையைத் தடவினார். தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"முழுசாத்தான் இருக்கேன், எண்ணாதீங்க. வளையம் எடுக்கப் போனேன். கேமராவுக்குத் தெரியாத கோடியில ஒரு கால வெச்சேன், கல்லு உருண்டுச்சு, ஏறிட்டேன்."

குழியார் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு, "தூக்குங்கடா" என்றார்.

எட்டுப் பேரும் அரங்கத்தின் நடுவழியாக நடந்தார்கள். கம்பளத்தில் மண் உதிர்ந்தது. யாரும் தடுக்கவில்லை, மண் பூசிய ஆட்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பழக்கமில்லாததால் எல்லோரும் வழிவிட்டார்கள். பூமாலைகளைக் கழற்றி நாற்காலிகளின்மேல் போட்டார்கள். ஜாக்கிகளைத் திருகிக் கழற்றினார்கள். முதல் தகட்டைத் தோளில் ஏற்றியபோது அரங்கம் மூச்சை அடக்கியது. இயக்குநர் பேச்சை நிறுத்தினார். நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். அதில் அப்படி ஒன்றும் இல்லை. சிறப்பு விருந்தினர் ஆர்வமாக முன்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரே நொடியில் முடிவெடுத்தார். அவர் இயக்குநரானது சும்மா இல்லை.

"இப்பொழுது, நண்பர்களே, செய்முறை விளக்கம்! அவசர காலத்தில் பாதுகாப்புச் சாதனத்தை எவ்வளவு விரைவாக இடம் மாற்றலாம் என்பதை நம் தோழர்கள் தத்ரூபமாக நடித்துக் காட்டுகிறார்கள். அந்த மண்ணைக் கவனியுங்கள். எவ்வளவு இயற்கையான ஒப்பனை!"

எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசித் தகடு தேநீர்க் கதவு வழியாக வெளியேறும் வரை கைதட்டல் ஓயவில்லை. தேநீர்ப் பெண் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் தட்டவில்லை.

மதில் நின்றது. மறுவாரம் குழியார் சரிவுக்கு இழப்பீடு கேட்டார். மதிப்பீட்டாளர் வந்து, பத்தடி தூரத்தில் நின்று விளக்கினார்: தகடு நிறுத்திய பள்ளத்துக்குத்தான் காப்பீடு செல்லும், சரிந்த நேரத்தில் தகடு பள்ளத்தில் இல்லை.

"தகடு உங்க அரங்கத்துல இருந்துச்சு சார்."

"அதேதாங்க. அரங்கம் சரிஞ்சிருந்தா குடுத்திருப்போம்."

ஆளில்லாத பள்ளம் சரிந்தது சம்பவமாகாது என்பதால் பலகையில் எண் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தது. சிறந்த செய்முறை விளக்கத்துக்காகச் சான்றிதழும் வந்துவிட்டது. நான்கு தலைக்கவசங்களை மண்ணில் தொலைத்ததற்கு மட்டும் ஒரு கண்டிப்பு.

அடுத்த பாதுகாப்பு வாரத்துக்குச் சில நாள் முன்பு மதிப்பீட்டாளர் இன்னொரு தெருவுக்கு, இன்னொரு பள்ளத்துக்கு வந்தார். குழியார் அந்த நேரத்தில் குழாய் வாங்கப் போயிருந்தார். மதிப்பீட்டாளர் காரை ஒட்டி நின்றபடி பள்ளத்தை நோக்கி உரக்கக் கூவினார்.

"போன வருசம் பெருசா பாராட்டுனாங்களே, தகடு தூக்கற நிகழ்ச்சி! இந்த வருசமும் கட்டாயம் வேணும்னு இயக்குநர் சொல்லிட்டாரு! தகடு நாலும் அனுப்பி வைங்க!"

உள்ளே ஜாக்கியைத் திருகி இறுக்குகிற சத்தம் கேட்டது. மஞ்சள் எல்லாம் உரிந்து தகடுகள் மறுபடி துரு நிறத்துக்கு வந்திருந்தன.

"தகடு காலியா இல்லீங்க" என்று கீழேயிருந்து பதில் வந்தது. "மண்ணப் புடிச்சிட்டு நிக்குது. வேணும்னா வந்து அதுகிட்டயே கேட்டுப் பாருங்க."

மதிப்பீட்டாளர் ஓரடி முன்னால் வைத்தார். பிறகு காப்பீடு நினைவுக்கு வந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பேசியவர் யார் என்று எட்டிப் பார்க்க வழியில்லை. ஆகவே, 'தகடுகளை அனுப்ப இயலாது எனப் பள்ளம் தெரிவித்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.